பெரட்டில் நின்ற ஓநாய்

அன்புள்ள மகளே,

இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போவதை ஊவா மாகாணத்தில் ஒரு சீவனும் நம்பாது என்று, வேதப்புத்தகத்தின்மேல் வலது கையையும், அது தனியாக இருக்கக் கூடாதென்று தேத்தண்ணிக் கோப்பையின்மேல் இடது கையையும் வைத்துச் சத்தியம் செய்கிறேன். இரண்டு கையும் அங்கே இருந்தால் பேனையை எதில் பிடித்திருக்கிறீர்கள் என்று நீ கேட்பாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தக் குணம். கதையில் குதிரை பறந்தால் அதற்குப் புல் யார் போட்டார்கள் என்று கேட்பாய். பசறைக் கடைத்தெருவில் என்னைவிட மூத்தவன்கூட என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறான். நான் வாயைத் திறந்தால் தூக்கின மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறான். பெற்ற பிள்ளைக்கு மட்டும் நான் அப்பா. அதனால் அங்கே ஒன்றும் எடுபடுவதில்லை.

உன் கடிதம் வந்து ஆறு நாளாகிறது. "அப்பா, அடுத்த மாசம் எங்களுக்கு இந்தியாவுக்குக் கப்பல். உங்க பேரும் எங்களோட சேர்ந்துதான் இருக்கு. வாறீங்களா, இல்லையா? ஒரே வரியில எழுதுங்க. கதை வேணாம்." அவ்வளவுதான். நலம் நலமறிய ஆவல் இல்லை, பேரப்பிள்ளைகளின் முத்தம் இல்லை. அரசாங்கக் கச்சேரியிலிருந்துகூட எனக்கு இதைவிட இதமான கடிதங்கள் வந்திருக்கின்றன. நான் கோபப்படவில்லை. உனக்கு அலுத்துப்போயிருக்கும். எனக்கே என்னை அலுத்துப்போய்விட்டது. முதல் தடவை நீ கேட்டபோது நான் வேலை பார்த்த பங்களாவின் ஆமைக்குச் சீக்கு என்று எழுதினேன். அந்த ஆமை அதற்கு ஒரு வருஷம் முந்தியே செத்துப்போயிருந்தது. இரண்டாம் தடவை, நான் போய்விட்டால் நமுனுகுல மலை ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்றேன். மூன்றாம் தடவை என் முழங்காலைப் பற்றி எட்டுப் பக்கம் எழுதினேன். முழங்கால் வலி மட்டும் மெய், அதுவும் ஒரு காலில்தான். ஒரே வரியில் பதில் எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ராசையாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த வரியை எழுதினால், அதுவும் என் மற்ற வரிகளோடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார். மருமகனும் கேட்கட்டும். அவர் சிரிக்காமல் இருக்கும் வரை எனக்கு ஆட்சேபணை இல்லை.

ராசையா யார் என்று உனக்குத் தெரியும். மடத்துப் பள்ளிக்கூடத்தில் நீ விடுதியில் இருந்தபோது, "எங்க அப்பா ஓநாய் வளர்க்கிறாரு" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லி, சிஸ்டர் உன்னைக் கூப்பிட்டு, நான் பொய் சொல்ல மாட்டேன் என்று நூறு தரம் எழுத வைத்தாரே, அந்த ஓநாய். நீ வெட்கத்தில் மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இலங்கையில் நரிதான் உண்டு, ஓநாய் கிடையாது என்று சிஸ்டர் சொன்னது சரி. நீ சொன்னதும் சரி. ஆனால் அந்த ஓநாய் பசறை பஸ்ஸின் நீளம் இருக்கும், அது கொட்டாவி விட்டால் தேயிலைத் தொழிற்சாலை மெஷின் நின்றுபோகும் என்று உனக்குச் சொல்லித் தந்தது நான். நூறு தரம் எழுத வேண்டியவன் நான்தான். அதை இப்போது ஒரு தரம் எழுதுகிறேன். மிச்சத் தொண்ணூற்றொன்பதையும் கப்பலுக்கு வைத்துக்கொள்.

அது எப்படி இந்த மலைக்கு வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதாவது என் சுருக்கத்தில். இந்தியாவிலிருந்து பதுளைக்கு ஒரு சர்க்கஸ் வந்தது. கூடாரத்தில் ஒரு பெண் ஓநாய் குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. ஒரு தோட்டத்துத் துரை வேடிக்கை பார்க்கப் போனவர், குட்டியைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு வந்தார். ராஜா என்று பெயர் வைத்தார். குட்டியாக இருந்தவரை வீட்டுக்குள் நடந்தது; பல் முளைத்ததும் பெரட்டுக்களத்தின் ஓரத்தில் இரும்புக் குற்றியில் சங்கிலியால் கட்டினார்கள். பெரட்டுக்களம் என்றால் உன் பிள்ளைகளுக்கு இனித் தெரியாமல் போகலாம், சொல்லி வை: விடியற்காலையில் கொம்பு ஊதியதும் தோட்டத்துச் சனம் முழுக்க வந்து வரிசையில் நிற்கும், கங்காணி பெயர் கூப்பிடுவான், கூப்பிட்டவனுக்குத்தான் அன்றைக்கு வேலை. அந்தக் கங்காணி கொஞ்சம் நக்கல் பேர்வழி. எல்லார் பெயரையும் படித்து முடித்ததும் கடைசியாக மூக்கால், "ராசையா" என்று இழுத்துக் கூப்பிடுவான். ஓநாய் ஊளையிடும். சனம் சிரிக்கும். அதற்குப் பிறகுதான் பங்களாவிலிருந்து அதற்குச் சாப்பாடு வரும். எட்டு வருஷம், ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக, இது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு இல்லை. அன்று அதற்கு என்ன கொடுத்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரை கப்பலேறினார். தொப்பியை எடுத்துப் போனார், ராஜாவை எடுத்துப் போகவில்லை. புதிதாக வந்தவர் அதைச் சுட்டுவிடச் சொன்னார். அவரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் லயத்து வரிசை வீடுகளில் பிள்ளைகளே பசியில் கிடந்தன, கிழங்கு தோண்டக் காட்டுக்குப் போனவர்கள் உண்டு, அந்த நேரத்தில் ஓநாய்க்கு யார் இறைச்சி போடுவது. அப்போதுதான் நம்முடைய துரைசாணி நடுவில் விழுந்தார். புருஷன் செத்த பிறகும் நமுனுகுலப் பக்கத்துப் பங்களாவைவிட்டு அசையாமல், ஊரில் வேண்டாத மிருகம் எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த வெள்ளைக்காரக் கிழவியை உனக்கு நினைவிருக்கும். போர்டில் என்னவோ பெரிய பெயர் எழுதியிருந்தது. சனம் வைத்த பெயர் நாய் பங்களா. உன் அம்மா போன பிறகு லயத்துக் காம்பராவில் இருக்கப் பிடிக்காமல், இனி என் ஆயுசுக்கும் பெரட்டில் நிற்க மாட்டேன் என்று மாதாவின் முன்னால் சொல்லிவிட்டு, உன்னை விடுதியில் சேர்த்துவிட்டு நான் போய்ச் சேர்ந்த இடம் அது. ஒற்றைக் கண் முள்ளம்பன்றி, கால் ஒடிந்த மரைமான், பறக்க மறுத்த ஆந்தை, இவற்றுக்கு நடுவில் மனைவி செத்த ஒரு மனுஷன். என்னையும் அவர் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருப்பார்.

ராசையா லொறியில் வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை. கழுத்தில் சங்கிலி இருந்த இடத்தில் மயிர் இல்லை, தோல் செருப்பு மாதிரி தடித்திருந்தது. அரை ஏக்கர் நிலத்துக்குக் கம்பிவேலி போட்டு, கொய்யா மரம், தண்ணீர்த் தொட்டி, மழைக்கு ஒரு கொட்டில் என்று துரைசாணி அதற்கு ஒரு அரண்மனையே கட்டி வைத்திருந்தார். மறுநாள் காலையில் இறைச்சியை வைத்தேன். தொடவில்லை. சமையற்காரி ஞானம்மா வேலி ஓரத்தில் வந்து நின்று பார்த்தாள். அன்று விபூதிப் புதன். அவள் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வந்திருந்தாள்.

"அண்ணே, அது நெத்தியப் பாருங்க."

பார்த்தேன். ஓநாய்க்கு நெற்றியில் சாம்பல் நிறத்தில் மயிர் இருந்தது. உடம்பு முழுக்கவும் அந்த நிறம்தான், ஆனால் அன்றைக்கு எங்கள் கண்ணில் நெற்றி மட்டும்தான் பட்டது.

"ஒருசந்தி இருக்குது, அண்ணே. தபசுகாலம் தொடங்கிருச்சில்ல. இறைச்சி தொடுமா?"

"போடி, ஓநாய்க்கு ஞானஸ்நானம் யாரு குடுத்தா?"

"அந்தத் தோட்டத்துச் சனம் முக்காவாசி நம்ம வேதந்தானே. குடுத்திருப்பாங்க. நீங்க நாப்பது நாளைக்கி அத வற்புறுத்தாதீங்க, பாவம் வரும்."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இறைச்சியை எடுத்துவிட்டுக் கஞ்சி வைத்தேன். வியாழனும் கஞ்சி. கதை பரவிவிட்டது, பரப்பியது யாரென்று கேட்காதே. வெள்ளிக்கிழமை பக்கத்து லயத்திலிருந்து நாற்பது பேர் வந்து வேலி ஓரத்தில் முழங்காலில் நின்று சிலுவைப் பாதை சொன்னார்கள். ஒரு கிழவி அதனிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணிவிட்டுப் போனாள். சிறுத்தை ஒன்று இரவில் இறங்கிவந்து முன்பு செய்த குற்றங்களுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டது. சரி, நாற்பது பேர் இல்லை, நாலு பேர். சிறுத்தையும் இல்லை. ஆனால் நாலு நாள் அது ஒரு வாய் தின்னவில்லை, நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நின்றோம், அது மெய். சனிக்கிழமை அதனால் எழுந்திருக்க முடியவில்லை. இறைச்சி கொண்டுவந்த பசறைக் காசிம் நானா வேலி ஓரத்தில் குந்தியிருந்து அதைப் பார்த்தார்.

"மாமா, இது நோன்பு பிடிக்கல்ல. இது மவுத்தாகப் போவுது."

"நீங்க என்ன நானா, முப்பது நாள் பிடிக்கிறீங்களே."

"நாங்க பொழுது சாஞ்சா மஃரிபுக்குத் திங்கிறோமே. இது எப்பத் திங்கும்? யாராச்சும் அதுக்கிட்டக் கேட்டீங்களா?"

துரைசாணி புல்லில் உட்கார்ந்து, "ராஜா, ராஜா, மை டார்லிங்" என்று கையிலேயே இறைச்சியை வைத்து நீட்டினார். அது அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கிழவியின் கண்ணில் தண்ணீரை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். செத்துப்போனால் இதைச் சுட்டிருந்தாலே புண்ணியம் என்றாகிவிடும், நான் இழுத்துக்கொண்டு வந்து நாலு நாள் சித்திரவதை செய்திருக்கிறேன் என்றார்.  

திங்கட்கிழமை விடியலில் கொட்டிலுக்குப் போனேன், பிணத்தைத் தூக்க வேண்டியிருக்கும் என்ற நினைப்போடு. பள்ளத்துக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பெரட்டுக் கொம்பு ஊதினார்கள். காற்று நம் பக்கம் அடித்தது. ராசையா எழுந்தது. கால் நடுங்கியது, ஆனாலும் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து, தலையை லேசாகத் தாழ்த்தி, என்னைப் பார்த்து நின்றது. மகளே, நான் பன்னிரண்டு வருஷம் பெரட்டில் நின்றவன். அந்த நிற்பு எனக்குத் தெரியும். குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கூப்பிடுவானா, இன்றைக்கு விட்டுவிடுவானா என்று கங்காணியின் வாயைப் பார்த்து நிற்கிற நிற்பு அது. உன் அம்மா அப்படி நின்றாள். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படித்தான் நின்றாள். பசி இருக்கிறது, இறைச்சி முன்னால் இருக்கிறது, ஆனால் இன்னும் பெயர் கூப்பிடவில்லை, அதனால் அது தன்னுடையது இல்லை.

"ராசையா" என்றேன் மெதுவாக. காது மட்டும் அசைந்தது. "ராசையா, வாடா கண்ணு" என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டது. பிறகு எனக்குக் கோபமா துக்கமா என்று தெரியாத ஒன்று வந்து, அந்தப் பாழாய்ப்போன கங்காணி எப்படிக் கூப்பிட்டிருப்பானோ அப்படியே, மூக்கால், அதட்டி, நாலு லயத்துக்குக் கேட்கிற மாதிரி "ராசையாஆ" என்று கத்தினேன். அது முகத்தை வானத்துக்குத் தூக்கி ஊளையிட்டது. அந்த ஊளையில் பண்டாரவளை ஸ்டேஷனில் நின்ற ரயில் பின்னால் போயிற்று என்று சொல்வேன், நீ நம்ப மாட்டாய். ஊளையிட்டு முடித்துவிட்டு, நடந்துவந்து, தின்றது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று தொடங்கியது. இனிப் பெரட்டுப் பக்கமே போக மாட்டேன் என்று மாதாவுக்கு வாக்குக் கொடுத்தவன், தினமும் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு தொழிலாளிக்குப் பெரட்டுக் கூப்பிட்டேன். துரைசாணி கவுனுக்குமேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு படியில் நின்று பார்ப்பார். ஏன் இவ்வளவு கோபமாகக் கூப்பிடுகிறாய், அன்பாகக் கூப்பிடக் கூடாதா என்று கேட்பார். அன்பாகக் கூப்பிட்டால் அது தன்னை இல்லை என்று நினைக்கிறது, துரைசாணி, என்பேன். அவருக்குப் புரிந்ததா தெரியாது. அரை ஏக்கர் முழுக்க அதற்குச் சொந்தம். மத்தியானத்தில் கொய்யா மரத்தடியில் படுத்து ஈ ஓட்டும், மழையில் வேண்டுமென்றே நனையும், முள்ளம்பன்றியோடு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஓடும். சந்தோஷமாகத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். காலையில் மட்டும் பெயர் கூப்பிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் என்றால் அதற்குப் பட்டினி. அதனால்தான் நீ கோயிலில் முதல் நன்மை வாங்கின அன்று நான் பூசை முடியும் நேரத்தில் வந்தேன். பஸ் குடைசாய்ந்தது, பயணிகளை ஒவ்வொருத்தராக நான்தான் தோளில் தூக்கினேன் என்று சொன்னேன். பஸ்ஸுக்கு ஒன்றும் இல்லை. பெரட்டு முடித்துவிட்டு வந்தேன்.

இனி வருவதைத்தான் எழுத முடியாமல் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன்.

ராசையா வந்து மூன்று வருஷம் கழித்து, துரைசாணிக்கு ஒரு யோசனை வந்தது. இது இந்தியாவுக்கு உரிய சாதி, இங்கே இதற்கு இனம் இல்லை, தன் வாழ்நாளில் இன்னொரு ஓநாயை இது பார்த்ததே இல்லை, சாகும் முன்னால் அனுப்பிவிட வேண்டும் என்றார். அந்தக் கரையில் மிருகங்களைக் காடு மாதிரி இடத்தில் விட்டுப் பராமரிக்கிறவர்களுக்கு எழுதினார். பதில் வந்தது, வரலாம் என்று. பிறகு நிரப்பி அனுப்ப விண்ணப்பப் பாரம் வந்தது. இந்தியா போக நம் சொந்தப் பாரத்தை நிரப்பிப் பழகினவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். பிறந்த இடம்: சர்க்கஸ் கூடாரம். தகப்பன் பெயர்: தெரியாது. இலங்கைக்கு வந்த விதம்: தாய் வயிற்றில், பிறகு தொப்பியில். தொழில் என்று ஒரு கட்டம் இல்லை, இருந்தால் பெரட்டில் நிற்பது என்று எழுதியிருப்பேன். நானும் நீயும் மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம், அதற்கு எட்டு மாதத்தில் அனுமதி வந்துவிட்டது. காசிம் நானா கடையில் ஒரு வாரம் இதே பேச்சு.

"மாமா, ஒங்களுக்கு முந்தி ஓநாய்க்குப் பாஸ்போட்டு ஈக்குது. நீங்களும் நாலு காலுல நடந்து பாத்திருக்கணும்."

"நடந்து பாத்தேன் நானா. வாலு எங்கேன்னு கேட்டு அனுப்பிட்டாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் மலை ஏறும்போது மூச்சு வாங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டி அனுப்புகிற அன்று கொழும்பிலிருந்து மிருக டாக்டர் ஒருவர் வந்தார். மரப்பெட்டியை வேலிக்குள் இறக்கினார்கள். வயசாகிவிட்டது, மயக்க ஊசி போட்டால் இருதயம் தாங்காது, தானாக உள்ளே நடந்துபோனால் கொண்டுபோகிறேன், இல்லையென்றால் தொட மாட்டேன் என்றார் டாக்டர். பெட்டிக்குள் இறைச்சி வைத்தாயிற்று. காலையில் வேண்டுமென்றே பெரட்டுக் கூப்பிடவில்லை. பெட்டிக்குப் பின்னால் நின்று நான் ஒரு தடவை கூப்பிட்டால் போதும். "கூப்பிடு" என்றார் துரைசாணி. ராசையா முன்னங்காலைச் சேர்த்து வைத்து, தலையைத் தாழ்த்தி, என் வாயைப் பார்த்தது.

நான் அன்பாகக் கூப்பிட்டேன்.

"ராஜா, வாடா கண்ணு. வாடா செல்லம்." தேன் ஒழுகுகிற குரலில், பார்த்தவர்கள் கண் கலங்குகிற மாதிரி. எத்தனை தரம் கூப்பிட்டேன் தெரியுமா? ஒரு மணி நேரம். கொஞ்சிக் கொஞ்சி. தொண்டை வறண்டு போகும் வரை. அது வரவில்லை. வராது என்று எனக்குத் தெரியும். காதை மட்டும் ஆட்டிக்கொண்டு, இன்னும் கூப்பிடவில்லையே என்று நின்றது. பாவம், இந்த ஆளைவிட்டுப் போக மனமில்லை, எவ்வளவு பாசம் பாருங்கள் என்றார் டாக்டர்.  துரைசாணி தினமும் காலையில் படியில் நின்று கேட்ட மனுஷி. என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு லொறியை அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போனார். சாகும் வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அப்போது எனக்கு நியாயங்கள் இருந்தன. கடல் கொந்தளிப்பு, பெட்டிக்குள் இருட்டு, அங்கே இருக்கிற ஓநாய்கள் இதைக் கடித்துக் குதறலாம், அங்கே யார் மூக்கால் கூப்பிடுவார்கள், பட்டினியில் செத்துப்போகும். எல்லாம் நல்ல நியாயங்கள். ஒருவேளை அப்படித்தான் நடந்திருக்கும். எனக்குத் தெரியாது, இனி ஒருக்காலும் தெரியப்போவதில்லை. மறுநாள் காலையில் சரியான குரலில் கூப்பிட்டேன். ஊளையிட்டது, வந்தது, தின்றது. அதன் மனதில் ஒன்றும் இல்லை. அது ஒன்றும் அறியாது. பிறகு நாலு வருஷம் இருந்தது. பல் போன பிறகு சோற்றில் ஈரலை மசித்துப் பிசைந்து வைத்தேன். கண் மங்கின பிறகும், கூப்பிட்டால் திசை தப்பாமல் வந்தது. ஒரு மழை நாளில், பகல் பதினொரு மணிக்கு, கொட்டிலில் படுத்தபடி போயிற்று. இன்னொரு ஓநாயைப் பார்க்காமலே போயிற்று.

இதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும், நீ என்னைப் போல இல்லை, புத்திசாலி. உனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு யாழ்ப்பாணப் பக்கம் இடம் கிடைத்ததே, அந்த வருஷம் நான் எழுதின கடிதத்தை வைத்திருக்கிறாயா? "நீ தைரியமாகப் போ மகளே. அப்பாவைப் பற்றி நினைக்காதே. தனியாக இருந்து எனக்குப் பழக்கம்தான். உன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்." எவ்வளவு அன்பான கடிதம். அதைப் படித்துவிட்டு எந்தப் பிள்ளை போகும்? நீ போகவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் உதவிக்கு நின்று, சாக்குத் துண்டில் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, உன் நல்ல வயது அங்கேயே போனது. போ என்று எழுதி உன்னை நிறுத்தினேன். அந்தக் கடிதத்தை எழுதும்போதே எனக்குத் தெரியும், அது எந்தக் குரல் என்று. மகளே, புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் ஒன்று சொல்கிறேன்: உன் பிள்ளைகள் வெளியே போகிற நாள் வரும்போது கொஞ்சாதே. அதட்டி அனுப்பு. அவர்கள் உன்னைக் கொஞ்ச நாள் திட்டுவார்கள், ஆனால் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மருமகனிடமும் அப்படியே. வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல், வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கொன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை உருட்டாதே. உன் அம்மா அதைச் செய்ததில்லை. நான்தான் செய்வேன்.

இப்போது இங்கே ஒன்றும் இல்லை. துரைசாணியைப் பதுளைக் கல்லறையில் வைத்தாயிற்று. மிருகங்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஞானம்மா மகனோடு போன வருஷக் கப்பலில் போய்விட்டாள். காலையில் ஆறு மணிக்குக் கால் தானாகக் கொட்டில் பக்கம் நடக்கிறது, அங்கே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருகிறேன். இதை விட்டுவிட்டு அங்கே வந்து நான் என்ன செய்வது, அந்த ஊர்ச் சனம் நம்மைச் சிலோன்காரன் என்பார்களாம், என் கதைக்கு அங்கே யார் மூட்டையை இறக்கி வைப்பான் என்றெல்லாம் யோசித்தேன். பயம்தான், வேறொன்றும் இல்லை. ஆமையும் இல்லை, மலையும் இல்லை. அறுபத்திரண்டு வயதில் கடலைக் கடக்கப் பயப்படுகிற ஒரு கிழவன்.

ஆனால் நீ இந்தத் தடவை அன்பாக எழுதவில்லை. அதட்டிக் கேட்டிருக்கிறாய். ஆறு நாளாக அந்தக் கடிதத்தை மடித்து மடித்துப் பிரித்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் முழங்காலையும் மறந்து எழுந்து நிற்கிறேன். இத்தனை வருஷம் நீ "உங்க இஷ்டம்பா, உங்களுக்கு எது வசதியோ" என்று எழுதினபோதெல்லாம் எனக்குக் காது மட்டும்தான் அசைந்தது.

நீ கேட்ட ஒரே வரி இது: வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடித்து, பசறையில் காசிம் நானாவிடம் சொல்லிக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் பண்டாரவளைக்கு வருவேன். ஒரு பெட்டிதான். மருமகனை ஸ்டாண்டுக்கு வரச் சொல்லாதே, எனக்கு வழி தெரியும். கப்பலில் எனக்குக் குமட்டினால் பிள்ளைகளிடம் தாத்தாவுக்குப் பாட்டன் காலத்துக் கடல் நோய் என்று சொல்லிக்கொள்கிறேன், நீ வாயைத் திறக்காதே.

பேரப்பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கும் இந்தக் கதையைச் சொல்வேன், இன்னும் பெரிதாகச் சொல்வேன். பஸ் நீள ஓநாயையும், பின்னால் போன ரயிலையும், மன்னிப்புக் கேட்ட சிறுத்தையையும் நீ கழித்துவிடு. நாலு பேர் வந்து முழங்காலில் நின்றார்கள் என்றேனே, அதுவும் ஒருத்திதான், ஞானம்மா. நான் அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்று ஒரு மணி நேரம் கொஞ்சினேன் என்று எழுதியிருக்கிறேனே, அதையும் கழித்துக்கொள். அவ்வளவு நேரம் ஆகவில்லை, பத்து நிமிஷம்கூட இருக்காது. ஆனால் தப்பான குரல் என்று தெரிந்தே கூப்பிட்டேன். அந்தச் சின்னத் துண்டு மட்டும் மெய்.

இப்படிக்கு,
அப்பா